"ரிப்போர்ட் நார்மல்" என்றால் எத்தனை நாளைக்கு? ஹை ரிஸ்க் கர்ப்பத்தில் குழந்தையைக் கண்காணிக்கும் சோதனைகள்

தாய் சேய் நல அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி "ஹை ரிஸ்க்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருமுறை வயிற்றில் பெல்ட் கட்டி குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் என்.எஸ்.டி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், தினமும் அசைவை எண்ணிக் குறித்து வை என்று ஒரு தாள். குடும்பத்துக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. திங்கள்கிழமை எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த குழந்தை வியாழக்கிழமை வயிற்றிலேயே இறந்துபோனது என்று எங்கேயோ கேள்விப்பட்டால், இந்தச் சோதனை எல்லாமே பொய் என்று தோன்றிவிடுகிறது. இன்னொரு பக்கம், "ரிப்போர்ட் சரியில்லை, இன்றைக்கே ஆபரேஷன்" என்று சொல்லி எடுத்த குழந்தை கணீரென்று அழுதால், காசுக்காக அறுத்துவிட்டார்கள் என்று பேச்சு.

இரண்டு கோபத்துக்கும் வேர் ஒன்றுதான். ஒவ்வொரு சோதனையும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அந்தப் பதில் செல்லுபடியாகும் காலமும் வேறு வேறு. சில பதில்கள் சில வாரம் நிற்கும், சில பதில்கள் இன்றைக்கு மட்டும்தான். இதைப் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்க நெரிசலான ஓ.பி.யில் யாருக்கும் நேரமில்லை. அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## யாருக்கு இந்தக் கண்காணிப்பு?

ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் போனவர்கள், கர்ப்பகால சர்க்கரை உள்ளவர்கள் (75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ம் அதற்கு மேலும்), குழந்தையின் வளர்ச்சி வாரத்துக்கு ஏற்றபடி இல்லாதவர்கள், இரட்டைக் கரு, தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகையாக இருந்து எதிர்ப்புப் பொருள் உருவானவர்கள், கடுமையான ரத்தசோகை, இதய நோய், முந்தைய கர்ப்பத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தவர்கள், சொன்ன தேதியைத் தாண்டி 41 வாரம் ஆனவர்கள். பட்டியல் இன்னும் நீளும். பிரசவத்துக்கு முன்பே குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் இவர்கள் எல்லாருக்கும் பொது.

எந்தக் காரணமும் இல்லாத, எல்லாம் சரியாகப் போகும் கர்ப்பத்தில் இதே சோதனைகளை வரிசையாகச் செய்வதால் பலன் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தவறான எச்சரிக்கைகள் கூடும், அதனால் தேவையில்லாத ஆபரேஷன் கூடும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். இந்த எண்ணுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஆரோக்கியமான தாய்க்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுக்கும் சோதனையும் அந்தப் பாதையில் ஒரு படிதான் என்பது என் கருத்து.

## நஞ்சுக்கொடி தளர்ந்தால் குழந்தை என்ன செய்யும்?

இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வயிற்றில் இருக்கும் குழந்தை நுரையீரலால் சுவாசிப்பதில்லை. ஆக்சிஜனும் உணவும் நஞ்சுக்கொடி வழியாக, தொப்புள்கொடியில் வந்து சேர்கின்றன. ரத்தக்கொதிப்பு போன்ற காரணங்களால் நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்கள் குறுகினால் வரத்து குறைகிறது. குழந்தை உடனே சாய்ந்துவிடாது. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, அதே மாதிரி குழந்தையின் உடம்பும் முறை வைக்கிறது. மூளை, இதயம், அட்ரினல் சுரப்பி ஆகியவற்றுக்கு முதல் பங்கு, குடல், சிறுநீரகம், கை கால் தசைகளுக்கு மிச்சம்.

பெரும்பாலும் மாற்றங்கள் இந்த வரிசையில் தெரியவரும்:

1. எடை கூடுவது மெதுவாகும். முதலில் வயிற்றுச் சுற்றளவு பின்தங்கும், தலை ஓரளவு ஈடுகொடுக்கும்.
2. தொப்புள்கொடித் தமனியில் ரத்த ஓட்டத்தின் எதிர்ப்பு கூடும். மூளைக்குப் போகும் குழாய் விரிந்து கொடுக்கும்.
3. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவதால் சிறுநீர் குறையும். பிற்பகுதிக் கர்ப்பத்தில் பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான் என்பதால் "தண்ணி கம்மி" ஆகும்.
4. சக்தியை மிச்சப்படுத்த அசைவு குறையும்.
5. கடைசியாக இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் மறைந்து கோடு தட்டையாகும், துடிப்பு அவ்வப்போது சரியும்.

முதல் மூன்றும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பவை. கடைசி இரண்டும் மணிக்கணக்கிலும் நடக்கலாம். எல்லாக் குழந்தையும் இந்த ஒழுங்கில் போகாது, குறிப்பாக 34 வாரத்துக்குப் பிறகு தொடங்கும் வளர்ச்சிக் குறைவில் தொப்புள்கொடி டாப்ளர் நார்மலாகவே இருக்க, மூளைக் குழாயில் மட்டும் மாற்றம் தெரியலாம். அதனால்தான் ஒரே சோதனையை நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை.

## எல்லாவற்றுக்கும் முன்னால், வாரக் கணக்கு

குழந்தை சிறியது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இத்தனை வாரத்துக்கு இத்தனை எடை என்ற அளவை வைத்து. வாரமே தப்பாக இருந்தால் மொத்தக் கணக்கும் தப்பு. மாதவிலக்குத் தேதி சரியாக நினைவில் இல்லாதவருக்கு, முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் நம்பகமான ஆதாரம். ஏழாவது மாதத்தில் முதல்முறையாக ஸ்கேன் எடுத்தால், குழந்தை சிறியதா அல்லது தேதி பிந்தியதா என்று பிரித்துச் சொல்வது பெரிய மருத்துவமனையிலும் கஷ்டம். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா இயந்திரங்களையும்விட அந்த முதல் ஸ்கேன் தாள்தான் மதிப்பு கூடியது என்று தயங்காமல் சொல்வேன். அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு பாதிக்குமா என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்கேன் ஒலி அலையில் இயங்குவது, எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு அதில் இல்லை.

## அசைவு: தாய் மட்டுமே செய்யக்கூடிய சோதனை

நம் மருத்துவமனைகளில் சாதாரணமாகச் சொல்லித்தரும் முறை, காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து எண்ணுவது. மணிக்கு மூன்று அசைவாவது வேண்டும் என்பார்கள். இன்னொரு முறையில், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வந்துவிட்டால் போதும். இரண்டில் எதைப் பின்பற்றினாலும் சரி, உங்கள் குழந்தைக்கு எது வழக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதுதான் முக்கியம். அந்த வழக்கம் மாறினால் அதுவே சேதி.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளையும் கட்டாயமாக எண்ண வைத்தால் இறப்பு குறையுமா என்று 1989-ல் வெளியான, 68,000 பெண்களை உள்ளடக்கிய ஆய்வு பார்த்தது, குறையவில்லை. 2018-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்விலும், அசைவு பற்றிய விழிப்புணர்வோடு கூடிய ஒரு முழுத் திட்டத்தால் தெளிவான குறைவு கிடைக்கவில்லை, சிசேரியன் மட்டும் சற்றுக் கூடியது. அதற்காக அசைவைக் கவனிப்பது வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணுவது மட்டும் உயிரைக் காப்பாற்றாது, குறைந்தது என்று தெரிந்ததும் வந்து பார்ப்பதும், வந்தவரைச் சரியாகப் பரிசோதிப்பதும்தான் காப்பாற்றும். ஹை ரிஸ்க் தாய்க்கு இது இரட்டிப்பு உண்மை.

வீடுகளில் அடிக்கடி கேட்கும் சில பேச்சுகள் தாமதத்துக்குக் காரணமாகின்றன, அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். "தலை இறங்கிடுச்சு, இனிமே அசைவு குறையத்தான் செய்யும்" என்பது தப்பு. பிரசவம் நெருங்கும்போது அசைவின் தன்மை மாறலாம், உதை போய் உருளல் மாதிரி தெரியலாம், ஆனால் எண்ணிக்கை குறைவது இயல்பு இல்லை. "ஜூஸ் குடிச்சிட்டுப் படு, ஆடும்" என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. குழந்தை ஒரு தூக்கத்துக்கு 20 முதல் 40 நிமிடம் தூங்கும், 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆக, இரண்டு மணி நேரம் கவனம் வைத்துப் படுத்தும் பத்து வரவில்லை என்றால், அல்லது வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்துவிட்டது என்று மனசு சொன்னால், அன்றைக்கே போக வேண்டும். "முந்தாநாள்தானே என்.எஸ்.டி. நார்மல்னு வந்துச்சு" என்று மாமியாரோ கணவரோ சொன்னாலும் போக வேண்டும். முந்தாநாள் ரிப்போர்ட் முந்தாநாளைப் பற்றியது.

## என்.எஸ்.டி.: பெல்ட் கட்டி எடுக்கும் அந்தத் தாள்

வயிற்றில் இரண்டு பெல்ட். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்பையும், இன்னொன்று கர்ப்பப்பை இறுகுவதையும் பதிவு செய்யும். சாதாரணத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. நல்ல ஆக்சிஜன் கிடைக்கும் குழந்தை அசையும்போது துடிப்பு கொஞ்சம் ஏறி இறங்கும். 32 வாரத்துக்கு மேல், 20 நிமிடத்தில் இரண்டு முறையாவது, குறைந்தது 15 துடிப்பு ஏறி 15 விநாடி நின்றால் "ரியாக்டிவ்", அதாவது திருப்தி. 32 வாரத்துக்குக் கீழே இந்த அளவு 10 துடிப்பு, 10 விநாடி.

"நான்-ரியாக்டிவ்", அதாவது இந்த அளவை எட்டவில்லை என்று எழுதினால் உடனே குழந்தைக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம், அதனால்தான் 40 நிமிடம் வரை நீட்டிப் பார்ப்பார்கள், வயிற்றின் மேல் ஒலிக் கருவி வைத்து எழுப்பியும் பார்ப்பார்கள். 28 வாரத்துக்கு முன்னால் ஆரோக்கியமான குழந்தைகளிலேயே பாதி வரை இந்தச் சோதனையில் தேறாது, நரம்பு மண்டலம் இன்னும் முதிரவில்லை. நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்ட இரண்டு மூன்று நாளுக்குக் கோடு தட்டையாகத் தெரியலாம், அசைவும் குறையலாம், இதை மருத்துவரிடம் நினைவுபடுத்துவது நல்லது.

நார்மல் என்று வந்தால்? அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டுதலில் உள்ள கணக்குப்படி, என்.எஸ்.டி. நார்மலாக வந்த ஒரு வாரத்துக்குள் குழந்தை இறப்பது 1,000-க்கு சுமார் 1.9. மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. நஞ்சுக்கொடி திடீரென்று கர்ப்பப்பையிலிருந்து பிரிவதையோ, தொப்புள்கொடியில் திடீரென்று ஏற்படும் அழுத்தத்தையோ எந்தச் சோதனையும் முன்கூட்டிச் சொல்லாது. கட்டுப்படாத சர்க்கரையிலும், உள்ளங்கை உள்ளங்கால் அரிப்போடு வரும் கல்லீரல் பித்தத் தேக்கத்திலும் இதே கதைதான். பித்தத் தேக்கத்தில் ரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டியதா என்பதுதான் ஆபத்தைக் காட்டும், என்.எஸ்.டி. தாள் காட்டாது. சொறி இல்லாமல் இரவில் கடுமையாக அரித்தால் "உடம்புச் சூடு" என்று விட்டுவிடாதீர்கள்.

## தண்ணி அளவும் பி.பி.பி. மதிப்பெண்ணும்

பனிக்குட நீரை இரண்டு விதமாக அளக்கிறார்கள். வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து ஆழங்களைக் கூட்டுவது ஏ.எஃப்.ஐ., 5 செ.மீ.யும் அதற்குக் கீழும் குறைவு. இன்னொன்று, இருப்பதிலேயே ஆழமான ஒரே இடத்தை அளப்பது, அது 2 செ.மீ.க்குக் கீழே போனால் குறைவு. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஏ.எஃப்.ஐ. முறை அதிகம் பேரைக் "குறைவு" என்று முத்திரை குத்தி அதிகம் பேருக்குப் பிரசவ வலி வரவைக்கும் ஊசி போட வைத்தது, குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. ஏ.எஃப்.ஐ. 7 என்று பார்த்துவிட்டு வீடே பதறுவதைக் கேட்டிருக்கிறேன், 7 என்பது எச்சரிக்கை எண் அல்ல. நிறையத் தண்ணீர், இளநீர் குடித்தால் கூடுமா? தாய்க்கு நீர்ச்சத்து குறைவாக இருந்தால் ஓரளவு கூடும். பனிக்குடம் கசிந்தாலோ நஞ்சுக்கொடி தளர்ந்தாலோ இளநீர் அதைச் சரிசெய்யாது, காரணத்தைத்தான் தேட வேண்டும்.

பி.பி.பி. என்பது வயிற்றில் இருக்கும் குழந்தையின் நலனை அளக்க 1980-ல் ஃப்ராங்க் மேனிங் குழு முன்வைத்த மதிப்பெண் முறை. ஸ்கேனில் 30 நிமிடம் வரை பார்த்து மூச்சுப் பயிற்சி அசைவு, உடல் அசைவு, கை கால் மடக்கி நீட்டும் உறுதி, நீர் அளவு, இவற்றோடு என்.எஸ்.டி., ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். 8-ம் 10-ம் நல்லது. 6 வந்தால் இழுபறி, வாரத்தைப் பொறுத்து பிரசவமோ மறுநாள் மறுசோதனையோ. 4-ம் அதற்குக் கீழும் என்றால் பெரும்பாலும் குழந்தையை எடுக்க முடிவு செய்வார்கள். நார்மல் பி.பி.பி.க்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் இறப்பு 1,000-க்கு சுமார் 0.8.

## டாப்ளர்: இதில்தான் ஆதாரம் வலுவானது

தொப்புள்கொடித் தமனியில் ரத்தம் இதயத் துடிப்புக்கு ஏற்ப பாயும். இரண்டு துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நஞ்சுக்கொடிக் குழாய்கள் அடைபட அடைபட அந்த இடைவேளை ஓட்டம் முதலில் குறையும், பிறகு நின்றுபோகும், கடைசியில் பின்னோக்கித் திரும்பும். ரிப்போர்ட்டில் ஏ.இ.டி.எஃப். என்றால் நின்றுவிட்டது, ஆர்.இ.டி.எஃப். என்றால் திரும்புகிறது. ஓட்டம் நின்ற நிலையில் பொதுவாக 33, 34 வாரத்திலும், திரும்பிய நிலையில் 30 முதல் 32 வாரத்திலும் குழந்தையை எடுக்கப் பார்ப்பார்கள், அதுவரை மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பு.

10,000-க்கும் மேற்பட்ட ஹை ரிஸ்க் கர்ப்பிணிகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், தொப்புள்கொடி டாப்ளரைப் பயன்படுத்தியபோது குழந்தை இறப்பு சுமார் 29 சதவீதம் குறைந்தது. என்.எஸ்.டி.க்கு இப்படிப்பட்ட தெளிவான ஆதாரம் ஆய்வுகளில் கிடைக்கவில்லை. ஆகவே ரத்தக்கொதிப்போ வளர்ச்சிக் குறைவோ இருக்கும் தாய்க்கு வாரம் தவறாமல் என்.எஸ்.டி. மட்டும் எடுத்து, டாப்ளரே பார்க்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, டாப்ளர் எப்போது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மூளைத் தமனி டாப்ளர் இன்னொரு வகையிலும் உதவுகிறது, நெகட்டிவ் ரத்த வகைப் பிரச்சினையில் குழந்தைக்கு ரத்தசோகை வந்துவிட்டதா என்பதை ஊசி குத்தாமலேயே காட்டிவிடும்.

ஸ்கேனில் "கொடி கழுத்தைச் சுத்தியிருக்கு" என்று எழுதினால் பாதிக் குடும்பங்கள் ஆபரேஷனுக்குத் தயாராகிவிடுகின்றன. பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் கொடி சுற்றித்தான் பிறக்கிறது, அது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது.

## எப்போது எடுப்பது?

கண்காணிப்பு பெரும்பாலும் 32 வாரத்தில் தொடங்கும், பிரச்சினை கடுமையாகவோ பல காரணம் சேர்ந்தோ இருந்தால் 28 வாரத்திலேயே. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்குபோடும் இரட்டையருக்கு 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒவ்வொரு முறையும் மருத்துவர் எடைபோடுவது இதைத்தான்: உள்ளே இருப்பதன் ஆபத்து பெரியதா, வெளியே வந்தால் குறைமாதத்தின் ஆபத்து பெரியதா.

"ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசக் குழந்தை பிழைக்காது" என்ற பேச்சை நம்பி, எட்டாம் மாதத்தில் மருத்துவர் எடுக்கச் சொன்னால் மறுத்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது முற்றிலும் தவறு. ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடும், 34 வாரக் குழந்தை 30 வாரக் குழந்தையைவிட எல்லா விதத்திலும் பத்திரம். 34 வாரத்துக்கு முன் பிறக்கப்போகிறது என்று தெரிந்தால் டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. ஊசி 12 மணி நேர இடைவெளியில் நான்கு போடுவார்கள், குழந்தையின் நுரையீரல் முதிர அது உதவும். இந்த ஊசிக்கு நேரம் வேண்டும். வலி வந்தபின் ஓடிவந்தால் அந்த நேரம் கிடைக்காது.

## டெல்டாவில் இருப்பவர்கள் முன்கூட்டி யோசிக்க வேண்டியவை

வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். சிக்கல் என்னவென்றால், தீவிரக் கண்காணிப்பு தேவைப்படும் மாதங்களும் அவைதான். கும்பகோணத்தில் ஆறு மாதம் பார்த்த மருத்துவரை விட்டுவிட்டு வேதாரண்யம் பக்கத்து ஊருக்குப் போனால், புது இடத்தில் பழைய டாப்ளர் இல்லை, முதல் ஸ்கேன் இல்லை, வளர்ச்சியை ஒப்பிட எதுவும் இல்லை. ஹை ரிஸ்க் என்றால் இந்த மூன்றையும் போகும் முன்பே முடிவு செய்யுங்கள்:

1. போகும் ஊரிலிருந்து டாப்ளரும், இரவிலும் சிசேரியன் செய்யும் வசதியும், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனை எது, எவ்வளவு நேரம். தஞ்சாவூரில் இராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கடற்கரையோரக் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் வருவது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பயணம்.
2. அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) கொடுத்துப் பதிவை மாற்றியாயிற்றா. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனையை அங்கேயும் தொடரலாம்.
3. பிரசவத் தேதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகிறதா. வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் உடைந்து சாலை மூழ்குவது இங்கே புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மரங்கள் விழுந்து பல ஊர்ச் சாலைகள் அடைபட்டன. புயல் எச்சரிக்கை காலத்தில் தேதி நெருங்கியவர்களை முன்னதாகவே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்வார்கள், அதை மறுக்காதீர்கள்.

தாய் சேய் அட்டை, முதல் ஸ்கேன், வளர்ச்சி ஸ்கேன்கள், கடைசி டாப்ளர், ரத்த அழுத்தம், சர்க்கரை குறித்த தாள்கள், எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசைவு குறைந்தாலோ, ரத்தப்போக்கு, நீர்க் கசிவு, கண் மங்கலோடு கடும் தலைவலி, மேல்வயிற்று வலி எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போதே எத்தனை வாரம், எதனால் ஹை ரிஸ்க் என்று சொல்லிவிட்டால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கா, நேரே சிசேரியன் வசதியுள்ள மருத்துவமனைக்கா என்பதை வண்டி கிளம்பும்போதே முடிவு செய்ய முடியும்.